ஐபோனில் இறந்த போடியார்

முதலில் அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், சேர். எனக்குத் தடிமன் பிடித்தால் இலேசில் விடாது. போதும், நன்றி. இனி ஆறுதலாகக் கதைக்கலாம். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் கடைசியில் நான் பார்த்துத் தருகிறேன். பிழையோடு எதையும் வெளியே விடுவது எனக்குப் பிடிக்காது.

என் பெயர் ஜெராட். டவுனில் ஒரு தையல்கடையின் மேல்மாடியில் என் அலுவலகம். அலுவலகம் என்றால் இரண்டு மேசை, ஒரு கணினி, என் மனைவி றெபேக்கா. போனில் ஓடும் செயலிகள் செய்வது எங்கள் தொழில். முன்பெல்லாம் அன்ட்ரொயிட் போனுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று என்று ஒரே வேலையை இரண்டு தரம் செய்ய வேண்டும். இப்போது அந்தக் கரைச்சல் இல்லை. படம், பாட்டு, வீடியோ எல்லாவற்றையும் போட்டு ஒரு தரம் எழுதினால் இரண்டிலும் ஓடுகிற கருவிகள் வந்துவிட்டன. இரண்டிலும் ஒரே மாதிரி ஓடும் என்று அவற்றைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களையும் ஒருநாள் இங்கே கூப்பிட்டு விசாரித்தால் நல்லது.

எங்கள் முதல் செயலி, தேவாலயத்துக்கான பாட்டுப் புத்தகம். போதகர் ஜெபம் செய்து திறந்துவைத்தார். ஆராதனையில் எல்லோரும் பக்தியோடு போனைக் கையில் எடுத்தார்கள். எடுத்த கையோடு கிரிக்கெட் பார்த்தார்கள். பிரசங்கத்தின் நடுவில் யாரோ விக்கெட் விழுந்ததற்குக் கைதட்ட, போதகர் தனக்கென்று நினைத்துச் சிரித்தார். அடுத்த கிழமை பழைய புத்தகங்கள் வந்துவிட்டன. இரண்டாவது, வீட்டுக்கே தயிர் கொண்டுவரும் செயலி. சட்டி வந்து சேரும். தயிர் பாதி வழியில் நின்றுவிடும்.

மூன்றாவது யோசனை ஒரு செத்தவீட்டில் வந்தது. களுவாஞ்சிக்குடியில் றெபேக்காவின் தோழியுடைய மாமியார் தவறிவிட்டார். பெட்டியைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் போனை உயர்த்திப் பிடித்துக் கனடாவுக்கும் சுவிஸுக்கும் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கமெராவை மாற்றிப் பிடித்துத் தன் முகத்தையே காட்ட, அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பார்த்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

“இதுக்கொரு அப் செஞ்சா என்ன?” என்று றெபேக்கா என் காதுக்குள் கேட்டாள். பெயரும் அவளே வைத்தாள்: ‘போயித்துவாறன்’.

அதில் எல்லாம் இருந்தது. அறிவித்தல், படங்கள், பின்னணியில் தேவாரமோ ஞானப்பாட்டோ, றெபேக்காவின் குரலில் வாழ்க்கை வரலாறு. விரலால் தொட்டால் ஒரு விளக்கு எரியும். தொட்டவரின் பெயர் அதற்குக் கீழே வரும். அழுகிற சின்னப் பொம்மை ஒன்றும் போட்டிருந்தேன். றெபேக்கா எடுக்கச் சொல்லிவிட்டாள்.

பிறகு, வெளிநாட்டுப் பிள்ளைகளின் அவசரத்துக்காக இன்னொரு வசதியும் வைத்தோம். அப்பா ஆஸ்பத்திரியில் என்றதுமே படங்களை அனுப்பிவிடுவார்கள். நாங்கள் அறிவித்தலைத் தயாரித்து, இறந்த திகதியை மட்டும் வெறுமையாக விட்டு உள்ளே வைத்திருப்போம். ஆள் போனதும் திகதியைப் போட்டால் வெளியே வரும். கலியாணத்துக்கு முன்கூட்டி மண்டபம் பதிவதில்லையா, அதுபோலத்தான்.

கந்தப்போடியாரின் வேலை அப்படித்தான் வந்தது. வவுணதீவுப் பக்கம் பெரிய வயல்வட்டைக்குச் சொந்தக்காரர்; அதனால்தான் போடியார். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மகன் சிவதர்ஷன் என்னோடு கதைத்தான்.

“டொக்டர்மார் கைவிட்டிட்டாங்க அண்ணே. நல்லாச் செய்யுங்க. இஞ்ச எல்லாரும் பாப்பாங்க.”

நல்லாகத்தான் செய்தேன். ட்ரோன் கமெராவை விடியற்காலையில் கதிர்களுக்கு மேலே தாழப் பறக்கவிட்டேன். பயிருக்குள் நின்ற கொக்குகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பி, வெள்ளைத் துணியை உதறியதுபோல் வாவிப் பக்கம் போயின. அந்த இடத்தில் றெபேக்காவின் குரல் தொடங்கும். வாசித்து முடித்ததும் அவளே அதை இன்னொரு தரம் போட்டுக் கேட்டாள். அந்த மனிதரை அவள் கண்டதுகூட இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான், சேர்.

போடியார் பிழைத்துக்கொண்டார். வார்டில் எழும்பி உட்கார்ந்து நண்டுக்கறி கேட்டாராம். சந்தோஷமான செய்தி. அந்தக் கொக்குகளை இனி யாரும் பார்க்கப்போவதில்லை என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம்.

அதற்குப் பிறகு செயலியை ஒரு தரம் புதுப்பித்தேன். எங்களிடம் ஐபோன் இல்லாததால் வழக்கம்போல் றெபேக்காவின் போனில் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். அவளுடையது அன்ட்ரொயிட். உள்ளே கிடந்த போடியாரின் அறிவித்தலில் வெறுமையாக இருந்த திகதியை அது வெறுமையாகவே வாசித்தது. ஐபோனோ அதை இன்றைய திகதி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே அன்ட்ரொயிட் வைத்திருந்தவர்களுக்குக் கந்தப்போடியார் உயிரோடு இருந்தார். ஐபோன் வைத்திருந்தவர்களுக்குக் காலமாகிவிட்டார். எங்கள் சனத்தில் ஐபோன் அதிகம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ரொறன்ரோ அழுதது. லண்டன் அழுதது. வவுணதீவில் போடியார் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

விளக்குகள் எரியத் தொடங்கின. விரலால் தள்ளத் தள்ள முடியாத அளவுக்கு விளக்குகள். இப்படியொரு அழகான மரண அறிவித்தலைக் கண்டதில்லை என்று ஜேர்மனியிலிருந்து ஒருவர் எழுதினார். கொக்குகள் எழும்பும் இடத்தில் நெஞ்சு விம்மியதாம். தனக்கும் இப்படியே வேண்டும் என்று பாரிஸிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். நான் எல்லாவற்றையும் வாசித்தேன். அதன் பிறகுதான் இது எப்படி வெளியே போனது என்று பார்த்தேன்.

சிவதர்ஷன் அழுதபடி வீட்டுக்கு எடுத்தபோது போனைத் தூக்கியவர் போடியார்.

“ஆரு செத்த? நானா? நான் சோறு தின்னுறன் மனே, பிறகு எடு” என்றாராம்.

மகன் அடுத்ததாக எனக்கு எடுத்தான். அவன் சொன்னவற்றை உங்கள் பெண் உத்தியோகத்தர் முன்னால் சொல்ல முடியாது.

“முதல்ல அதை எடுத்துப் போடுங்க. பிறகு நேர போய் அந்த மனிசன்ட காலில விழுங்க” என்றாள் றெபேக்கா. மனம் வரவில்லை. ஆனாலும் எடுத்தேன். அவளையும் கூட்டிக்கொண்டு வவுணதீவுக்குப் போனேன்.

போடியாருக்குக் கோபமே இல்லை. லண்டனிலிருந்து வந்திருந்த மருமகனின் ஐபோனில் தன் சாவை முழுக்கப் பார்த்துவிட்டிருந்தார்.

“இரி மனே. வடிவாத்தான் செஞ்சிரிக்காய். ஆனா அது என்ட வயலில்ல. அடுத்தவன்ட வட்டைக்கு மேலால பறந்திரிக்காய்.” றெபேக்காவைப் பார்த்தார். “நீதானா வாசிச்ச? நல்ல குரல் புள்ள. ஆனா அன்பானவர், பண்பானவர் எண்டு சொன்னா இஞ்ச ஆரும் நம்பமாட்டாங்க. செத்தது வேற ஆரோ எண்டு பேசாம இருந்திருவாங்க.”

றெபேக்கா சிரித்துவிட்டாள். நான் காலில் விழ வந்தவன், விழாமல் நின்றேன்.

“செத்த பிறகு நமக்குப் பாக்க ஏலாதே. இப்பவே சரியாச் செஞ்சு தா” என்றார்.

அதிலிருந்துதான் தொடங்கியது, சேர். ஒருநாள் மீசை வைத்த படம் வேண்டும், அடுத்த நாள் மீசை இல்லாதது. தேவாரம் பாடுகிறவருக்குச் சளி பிடித்திருக்கிறது, வேறு ஆளைப் பார். வரம்பை வெட்டிய தம்பியின் பெயரைத் துயருறுவோரிலிருந்து எடு. அவன் முந்திக்கொண்டால் அவனுடைய அறிவித்தலில் என் பெயரையும் போடாதே. காலையில் நான் வாயில் பிரஷை வைத்திருக்கும்போது எடுப்பார். புதுநெல் அரிசியோடு அலுவலகத்துக்கு வந்து றெபேக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ‘என்ட சாவ வாசிச்ச புள்ள’ என்று கடைத்தெருவில் அவளை எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவார். அவள் வரலாற்றைத் திரும்ப வாசித்தாள். ‘கோபக்காரர்; ஆனால் அந்தக் கோபம் சோறு வரும்வரைக்கும்தான்’ என்று புதிதாக எழுதிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுச் சிரித்தார்கள். நான் அவளை அப்படிச் சிரிக்கவைத்து வெகுகாலம்.

அந்த நேரத்தில் லண்டன் நிறுவனம் ஒன்று எங்கள் செயலியை எடுத்து நடத்த ஆசைப்பட்டது. கந்தப்போடியாரின் அறிவித்தலைப் பார்த்துத்தான் வந்தோம், அது எங்கே போனது என்று கேட்டார்கள். குடும்பத்தில் ஒருவர் சில திருத்தங்கள் கேட்டிருக்கிறார் என்று எழுதினேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

பிறகு ஒருநாள் போடியார் முழுவதையும் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். “எல்லாம் சரி. அந்தக் கொக்க எடு” என்றார்.

“அதுதான் போடியார் எல்லாருக்கும் பிடிச்ச இடம்.”

“கொக்கு என்னத்துக்கு மனே? கொக்கா செத்த?”

றெபேக்கா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நான் எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே, என் கையால் எடுத்தேன். கொக்குக்குப் பதிலாக வாவியில் தோணியில் நிற்கும் காட்சி ஒன்று வேண்டுமாம். பாலம் வருவதற்கு முன் அவருடைய தகப்பன் அப்படித்தான் டவுனுக்கு வருவாராம், வெள்ளை வேட்டியோடு, நின்றபடியே.

ஏன் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். எங்கள் தொழிலில் ஒரு வேலை முடிவதற்கு இரண்டு வழிகள்தான். வேலை சரி என்று கேட்டவர் சொல்ல வேண்டும். அல்லது சொல்ல அவர் இல்லாமல் போக வேண்டும்.

வாவியில் மீன் பிடிக்கும் பிலிப்பு அண்ணனிடம் தோணியை இரவல் வாங்கினேன். காலை வெயில் வாவியில் தேனாகக் கிடந்தது. போடியார் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு நீந்தத் தெரியா மனே. வயல்காரனுக்கு முழங்கால் தண்ணிதான் பழக்கம்.”

“பயப்பிடாதீங்க. நான் இரிக்கன்தானே.”

அவர் முன்னால் நின்றார். நான் பின்னால் இருந்து, தோணி தள்ளும் கோலை மடியில் வைத்துக்கொண்டு போனில் படம் பிடித்தேன். கண்டல் மரங்களைத் தாண்டியதும் போடியார் தவறித் தண்ணீரில் விழுந்தார். அங்கே ஆழம் அதிகமில்லை, ஆனால் சேறு. மரண விசாரணையிலும் நான் இப்படித்தான் சொன்னேன். திடீர் விபத்து என்று எழுதினார்கள். வயதானவர், நோயாளி, தோணியில் நின்றவர். யாருக்கும் சந்தேகமில்லை. றெபேக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. வரலாற்றில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். நான் மாற்றவில்லை. செத்தவீட்டன்று காலையில் திகதியைப் போட்டேன். தோணிக் காட்சியை, அவர் நிமிர்ந்து நிற்கும் இடம்வரை சேர்த்தேன். கொக்குகளையும் திரும்பப் போட்டேன். அது நல்ல வேலை என்று இப்போதும் சொல்வேன்.

செத்தவீட்டன்று சிவதர்ஷன் ரொறன்ரோவிலிருந்து வந்து சேர்ந்திருந்தான். தன் ஐபோனில் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். பழையதெல்லாம் மறந்துவிடச் சொன்னான். உள்ளே பெண்கள் நடுவில் றெபேக்கா இருந்தாள். போடியாரின் மகள் கேட்டாள் என்று தன் போனில் அறிவித்தலைத் திறந்தாள்.

தேவாரம் வந்தது. தோணியில் போடியார் வந்தார். பிறகு கொக்குகள் எழும்பின. தேவாரத்துக்கு அடியில் இன்னொரு குரலும் வந்தது.

“மனே… கோல நீட்டு. ஜெராட்டு, அந்தக் கோல நீட்டு மனே.”

தோணிக் காட்சியில் படத்தை வெட்டிய நான் ஒலியை வெட்ட மறந்திருந்தேன். பாட்டுக்குக் கீழே அது முழுவதும் கிடந்தது. பழைய பிழையை நினைத்து இந்த முறை இரவல் ஐபோன் ஒன்றில் மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தேன்; ஐபோன் பாட்டை மட்டும் போட்டது. அன்ட்ரொயிட் இரண்டையும் சேர்த்துப் போட்டது. கொக்குகள் வாவியைத் தாண்டும்வரை அந்தக் குரல் கூப்பிட்டது. அதற்குப் பிறகு தண்ணீரின் சத்தம் மட்டும்.

பறைமேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். றெபேக்கா அதைத் திரும்ப ஒரு தரம் ஓடவிட்டாள். பிறகு எழும்பி என்னிடம் வந்தாள்.

“கோல் உங்கட கையிலதானே இரிந்த?”

“ஒரு ஒலிக்கு மேல மற்றது ஏறிட்டு. இப்பவே திருத்தி விடுறன்” என்றேன்.

அவள் போனைக் கொண்டுபோய்ச் சிவதர்ஷனின் கையில் கொடுத்தாள். உங்கள் ஆட்கள் வந்ததும் அதற்குப் பிறகுதான். அவள் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வேலை கூடியிருக்கும்; செயலியை இப்போது அவள் தனியாகத்தானே பார்க்க வேண்டும்.

ஓம், சேர். எழுதிக்கொள்ளுங்கள். தோணியை நான்தான் ஒரு பக்கம் சரித்தேன். கோல் எட்டுகிற தூரத்தில்தான் அவர் இருந்தார். நான் நீட்டவில்லை. படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் வன்மத்தோடு செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருக்கவில்லை. முழு வீடியோவும் நீங்கள் எடுத்துவைத்திருக்கும் என் போனில் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். தோணி சரிந்த இடத்தில் கொஞ்சம் ஆடியிருக்கும். அது தோணியின் ஆட்டம். கெட்ட எண்ணம் உள்ளவனென்றால் அதற்குப் பிறகாவது கை நடுங்கியிருக்கும். தண்ணீர் அடங்கும்வரை பாருங்கள் சேர், படம் ஓரிடத்தில்கூட அசையவில்லை.