நானே சொல்லிக்கறேன்

கதவைத் தட்டுவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும், ஐயா. ரொம்ப வேகமாகத் தட்டினால் கடன்காரன் வந்துவிட்டான் என்று உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மெல்லத் தட்டினால் யாரோ எதையோ விற்க வந்திருக்கிறான் என்று எழுந்தே வரமாட்டார்கள்.

குழாய்த் திட்டத்தில் என் வேலையே அதுதான். பள்ளம் தோண்டுகிறவர்கள் வேறு, குழாயைப் பற்றவைக்கிறவர்கள் வேறு. நான் வீடு வீடாகப் போய், தெரு உடைபடப்போவதைச் சொல்லி, வசவை வாங்கிக்கொண்டு, சமாதானம் செய்துவிட்டு வருகிறவன். தெருப் பிள்ளைகள் என்னைக் 'குழாய் மாமா' என்பார்கள். குழாயடிச் சண்டை என்று கேலி பேசுவார்கள் அல்லவா, அந்தச் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

தெரு வளைகிற இடத்தில் என் தங்கை வீடு. அப்பா அம்மா போனபிறகு அவளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது நான்தான். சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் எனக்கு யார் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும்.

ஏரியிலிருந்து தூரத்து நகரங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பெரிய குழாய் அது. அந்தத் தெரு வழியாகப் போகும், ஆனால் தெருவுக்கு ஒரு சொட்டும் கிடையாது. எனக்கு அது முதலிலேயே தெரியும். தங்கை கேட்டாள்.

"அண்ணா, எங்க தெருவுக்கும் தண்ணி வருமா?"

"குழாயே உன் வாசல் வழியாத்தானேம்மா போகுது."

யோசித்துப் பாருங்கள், நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள்தான் அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோனாள். எங்க அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். யாரும் வேலையை மறிக்கவில்லை. மேலே இருப்பவர்களிடம் எனக்கு நல்ல பேர்.

பிறகு தோண்டினார்கள். தெருவின் பழைய குழாய் உடைந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். மாப்பிள்ளையின் தையற்கடையில் துணியெல்லாம் புழுதி. தங்கையின் படுக்கையறைச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டது. பூசிக்கலாம்மா என்றேன். அதற்குள் யாரோ அவளிடம் திட்டத்தின் வரைபடத்தைக் காட்டிவிட்டிருந்தார்கள்; அதில் அந்தத் தெருவுக்கு இணைப்பே கிடையாது.

குறை கேட்கும் கூட்டத்தில், என் மேலதிகாரிகள் மேடையில் இருக்கும்போது, அவள் எழுந்தாள். தெருக்காரர்களைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எங்க அண்ணன் பொய் சொன்னாரு. தெரிஞ்சே சொன்னாரு. அவரை நம்பி உங்களையும் நம்ப வெச்சது நான். என்னை மன்னிச்சிடுங்க."

ஊர் திட்டினால் துடைத்துக்கொண்டு போவேன், அது என் தொழில். இவள் நான் தூக்கி வளர்த்தவள். வீட்டுக்கு வந்து நாலு அறை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். சபையில் வைத்து என் முகத்தில் கரி பூசினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்திருக்கலாம். அந்த வலி இப்போதும் இருக்கிறது, ஐயா. கூடப்பிறந்தவள் முதுகில் குத்தினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

குழாயைத் திறந்துவிடுமுன் தண்ணீர் நிரப்பி, வழக்கத்தைவிடக் கூடுதலாக அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். சோதனை அன்று காலையில் என்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வளைவுல இருக்கற ஜாயிண்ட் மேல எனக்கு நம்பிக்கையில்ல. மேல சொன்னா தேதிய மாத்தமாட்டேங்கறாங்க. அங்க இருக்கற வீடுகள்ல ஒருத்தரும் இருக்கக்கூடாது. நீங்களே போய் அனுப்பிடுங்க."

போனேன். பக்குவமாகத் தட்டினேன். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்கள். எதிர்வீட்டு நர்ஸம்மா மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயங்கி நின்றார்.

"உங்க தங்கச்சிகிட்ட நான் சொல்லிடட்டுமாங்க? இப்பல்லாம் நீங்க பேசிக்கறதில்லையே."

"வேணாம்மா, நீங்க கிளம்புங்க. எங்க வீட்டுப் பொண்ணு. நானே சொல்லிக்கறேன்."

அவர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள். ராசியாகப் போகிறோம் என்று நினைத்திருப்பார்.

தங்கை வீட்டு மாடிக் கொடியில் துணி சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் காயப்போட்டிருக்கிறாள். உள்ளே மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கடையில் இருப்பார், குழந்தை பள்ளிக்குப் போயிருக்கும். அதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன், ஐயா. அந்த விஷயத்தில் என்னைப் பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்லமுடியாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

"எல்லாரும் போயாச்சா?" என்று என்ஜினியர் கேட்டார்.

"போயாச்சு சார்."

கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னால் உங்களுக்கும் எளிது, எனக்கும் எளிது. ஆனால் அது உண்மையில்லை. அவள் இல்லாமல் போனால் அந்தத் தெருவில் என்னைப் பற்றிப் பேச ஆள் இருக்காது என்று நினைத்தேன். குழாய் உடையும் என்று நிச்சயமாகத் தெரியாது. உடையவேண்டும் என்று விரும்பினேன்.

அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போய், சட்டென்று விழுந்தது. என்ஜினியர் கத்தினார். வால்வை மூட ஆட்கள் ஓடினார்கள். பெரிய வால்வு, அதை மூட நேரமாகும். தண்ணீர் அந்த விரிசல் சுவரைத்தான் முதலில் சாய்த்தது என்று பிறகு சொன்னார்கள்.

அப்போது என் செல்போன் அடித்தது. தங்கை. எடுக்கவில்லை. பக்கத்தில் என்ஜினியர் இருந்தார், எடுத்தால் பேசவேண்டியிருக்கும். கையில் வைத்துக்கொண்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது.

மாப்பிள்ளை எண்ணும் அவளிடம் இருந்தது. தீயணைப்பு நிலையத்துக்குப் பேசவும் அவளுக்குத் தெரியும். யாரையும் கூப்பிடவில்லை, ஐயா, அண்ணனைத்தான் கூப்பிட்டாள். அத்தனை பேருக்கு முன்னால் என்னை நம்பாதீர்கள் என்றவள், கடைசியில் என்னைத்தான் நம்பினாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள். நானும் அவளை மன்னித்துவிட்டேன்.