எல்லாப் பக்கமும் மூணு மில்லி

நம்ம சர்ச் பாடகர் குழுத் தீர்மானத்துக்குக் கை தூக்கறதுக்கு முன்னாடி... ஒரு சின்னக் கதை. கேட்டுட்டுத் தூக்குங்க. கை எங்கயும் ஓடிடாது.

ஓசூர்ல குழந்தைவேலுன்னு ஒருத்தர். பிளாஸ்டிக் சாமான் வார்க்கறதுக்கு மோல்டு செய்யறவர். மோல்டுன்னா? நீங்க மாவு ஊத்தறீங்களே இட்லித் தட்டு, அந்த மாதிரி ஸ்டீல்ல ஒரு அச்சு. அவர் பட்டறையில ரெஹானான்னு ஒரு டிசைனர். அச்சு எப்படி இருக்கணும்னு கம்ப்யூட்டர்ல வரையறது அந்தப் பொண்ணுதான். இது குழந்தைவேலு தன் வாயாலயே எனக்குச் சொன்ன கதை.

வந்த ஆர்டர்... வெந்நீர் ஜக்கு. அதோட கைப்பிடி உள்ள காலியா இருக்கும். வெளித்தோலை வரைஞ்சாச்சு. அதை எல்லா எடத்துலயும் ஒரே அளவு உள்ள தள்ளினா உள்தோல் கிடைச்சிடும். ரெண்டுக்கும் நடுவுலதான் பிளாஸ்டிக் நிக்கும். இப்படித் தள்ளறதுக்கு ஆஃப்செட்னு பேரு. எவ்வளவு தள்ளணும்? மூணு மில்லிமீட்டர். எல்லாப் பக்கமும்... மூணு மில்லி!

ரெஹானா தள்ளறா. கைப்பிடி முழுக்க நல்லா வருது. ஒரே ஒரு எடம், மேல மடங்கற மூலை... வரமாட்டேங்குது. திரும்பத் திரும்பத் தட்டறா. தப்புன்னு ஸ்க்ரீன்ல சிவப்புதான் எரியுது.

"அண்ணே, இந்த மூலை ரொம்ப இறுக்கமா மடங்கியிருக்கு. வளைவோட ஆரமே ரெண்டு மில்லிதான். மூணு மில்லி தள்ளுன்னா அது எங்க போகும்? நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் போய், தன்னைத்தானே குறுக்க வெட்டிக்குது."

"மத்த எடமெல்லாம் வருதில்ல? இதுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"கஸ்டமர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு, வளைவைக் கொஞ்சம் அகலமாக்கிக்கலாம்ணே."

"கேக்கறதாவது! மெஷின் சும்மா நிக்குதும்மா. அந்தத் துண்டை அழி. ஓட்டையை ஒரு ஒட்டுப் போட்டு மூடு!"

அழிச்சா. மூடினா. ஸ்க்ரீன்ல பாத்தா... வழவழன்னு இருக்கு. அங்க மூணு மில்லி இருக்கான்னு அளந்து பாத்தாளா? பாத்தா! ஒரு மில்லிகூட இல்ல. சொன்னாளா? வாயே திறக்கல. குழந்தைவேலு மேல எனக்கு வர்ற கோபத்துல பாதி அந்தப் பொண்ணு மேலயும் வருது.

ஸ்டீலை வெட்டியாச்சு. மோல்டை மெஷின்ல ஏத்தியாச்சு. கற்பூரம் காட்டி முதல் கைப்பிடியை எடுத்து ஜக்குல மாட்டியாச்சு. அந்தப் பட்டறையில ஒரு வழக்கம். எந்தச் சாமானா இருந்தாலும் முதல் உருப்படியை வீட்டம்மா கையால புழங்கணும். டப்பான்னா சர்க்கரை போடணும். ஜக்குன்னா... கொதிக்கக் கொதிக்க டீ!

குழந்தைவேலு சம்சாரம் பூங்கொடி, ஜக்கு நிறைய டீயோட வர்றாங்க. எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. ரெஹானா கண்ணு மட்டும் அந்த மூலையில. முதல் டம்ளர் ஊத்தறாங்க... ஒண்ணும் ஆகல. அடுத்த டம்ளர்... மூலை லேசா வெளுக்குது. பிளாஸ்டிக் உடையறதுக்கு முன்னாடி வெளுக்கும்னு ரெஹானாவுக்குத் தெரியும். சொன்னா எல்லார் முன்னாடியும் முதலாளி மானம் போகும். சொல்லாட்டி?

திரும்ப ஜக்கு சாயுது...

"அண்ணி! கீழ வைங்க! வச்சிடுங்க அண்ணி!"

பதறிப்போய் மேசை மேல வைக்கறாங்க... டக்! கைப்பிடி கையோட வந்துடுச்சு. ஜக்கு கவுந்து டீ மேசையெல்லாம் ஓடுது. பூங்கொடி புடவையில ஒரு ஓரம் நனைஞ்சுது. அதோட போச்சு. அந்தக் கத்தல் கொஞ்சம் பிந்தியிருந்தா?

குழந்தைவேலு கைப்பிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். "எந்த எடம்மா?"

"நான் ஒட்டுப் போட்ட எடம்ணே. தெரிஞ்சேதான் விட்டுட்டேன்."

"நீ எங்க விட்டே... அழின்னு சொன்னது நான்தானே."

கஸ்டமர்கிட்ட போனாங்க. "மூலை கொஞ்சம் உருண்டையா இருந்தா எனக்கென்னங்க?"ன்னுட்டார் மனுஷன். அவ்வளவுதான் விஷயம்! வளைவை நாலு மில்லியாக்கினாங்க. அதே மூணு மில்லி அழகா உள்ள போச்சு. ஆனா வெட்டின ஸ்டீல் திரும்ப ஒட்டுமா? அது காயலான் கடைக்குப் போச்சு.

இப்ப நம்ம தீர்மானத்துக்கு வருவோம். "மூணு வாரம் பயிற்சிக்கு வராதவங்க கிறிஸ்துமஸ்ல பாடக் கூடாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்." நல்ல சட்டம்தான்! சோம்பேறிங்களுக்குன்னா நான் ரெண்டு கையும் தூக்கறேன். ஆனா நம்ம குழுவுல ஒரு அம்மா... பேர் சொல்லல, உங்களுக்கே தெரியும். வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு. ஏற்கெனவே இறுக்கமா மடங்கிக் கிடக்கற உசுரு. உங்க மூணு வாரத்தை அவங்க எங்கய்யா தள்ளுவாங்க? அளவு ஒண்ணுதான்... வளைவு ஒண்ணா?

"அவங்களை எடுத்துட்டு அந்த எடத்துல வேற ஒருத்தரை நிறுத்திட்டாப் போச்சு"ன்னு பின்னாடி யாரோ சொன்னீங்க. காதுல விழுந்துச்சு. துண்டை அழி, ஓட்டையை மூடு... அதே பேச்சு! பாக்க வழவழன்னுதான் இருக்கும். கொதிக்கறதை ஊத்தற அன்னைக்குத்தான் தெரியும், இந்தச் சபை எங்க மெல்லிசுன்னு.

சட்டத்தைத் தூக்கிப் போடச் சொல்லல. அந்த வளைவைக் கொஞ்சம் அகலமாக்கச் சொல்றேன். அவங்களால பயிற்சிக்கு வர முடியலைன்னா... பயிற்சி அவங்ககிட்ட போகட்டுமே? வர்ற வியாழக்கிழமை அவங்க வீட்டு ஹால்ல, அந்த மனுஷன் கட்டில் பக்கத்துல நின்னு பாடுவோம். அவரும் கேக்கட்டும்.

இப்பக் கை தூக்குங்க. தீர்மானத்துக்கு இல்ல, அதை அப்புறம் பாத்துக்கலாம்... வியாழக்கிழமை யார் யார் வர்றீங்க?