கரிசல் மூலை

“ஏண்டி ராக்கு, எம் மக கல்யாணம் நின்னுபோகும்னு கிணத்தடியெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே? ஒன் வாய்க்கு வேற சோலியே இல்லியா?” என்று அக்கம்மாள் தெருவே கேட்கக் கத்தினாள்.

நானும் விடவில்லை. “கல்யாணம் நடந்துச்சுன்னா இந்தத் தெருவுல நான் வாயே தொறக்கல, போதுமா?” என்றேன். வாயைத் திறக்காமல் நான் எப்படி இருப்பது என்று அப்போது யோசிக்கவில்லை, ஐயா. ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், அன்று கிணற்றடியில் சொல்ல வேறு செய்தி இல்லை.

மாப்பிள்ளை கர்ணன் மலைத் தோட்டத்து முதலாளியின் டிரைவர். அந்த முதலாளிதான் முப்பத்தெட்டாம் வருஷம் தேவாரத்துக்குக் கிழக்கே, கார்ப் பந்தயத்துக்கென்றே ஒரு மைல் சுற்றுக்கு நிரந்தரப் பாதை போட்டவர். முக்கால் வட்டம் செம்மண். ஓடையோரத்து வளைவு மட்டும் கரிசல். அங்கே வண்டி சாயாமலிருக்க வெளிவிளிம்பை மேடாகக் கட்டியிருந்தார்கள். புழுதி அடங்கச் செம்மண்ணில் தண்ணீர் தெளிப்பது என் வேலை. கரிசலில் ஒரு சொட்டுப் படக் கூடாது, பட்டால் விளக்கெண்ணெயாக வழுக்கும் என்று மேஸ்திரி தினமும் சொல்வார்.

பந்தயத்தன்று காலை அந்த மேட்டில் ஆறு குடம் ஊற்றி, மேலே காய்ந்த மண்ணைத் தூவினேன். மாப்பிள்ளைக்குக் கை கால் ஒடிந்து ஆவணி முகூர்த்தம் தள்ளிப்போனால் போதும். அதற்குமேல் ஆசைப்படுகிறவள் இல்லை நான்.

முதல் சுற்றில் கர்ணன் வளைவின் உள்ளோரமாகவே போனான். இரண்டாவதிலும் அப்படியே. நிதானமான பிள்ளை. பிறகு இன்ஜின் கொதித்து நிறுத்தினான். தண்ணீர் ஊற்றப் போனது நான்தான்.

“அத்தே, இனி முந்தணும்னா வெளியோரமா ஏறித்தேன் ஆகணும். மூலை காஞ்சிருக்கா?”

புழுதியில் அவன் கண் மட்டும் தெரிந்தது. கூட்டத்தில் அக்கம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“கருவாடாக் காஞ்சு கெடக்கு. போ மருமகனே” என்றேன்.

கார் மேட்டில் ஏறியது. அப்புறம் மேட்டில் இல்லை. ஓடைப் பாறையில் சத்தம் கேட்டதும் குடத்தை இறக்கிவைத்துவிட்டு எல்லாரோடும் ஓடினேன். அவனுக்கு மூச்சில்லை. நான் அழுததில் பொய் இல்லை.

பாதையை மூடிவிட்டார்கள். பழி மேஸ்திரிமேல் விழுந்தது. அவர் மலைக்கு அந்தப் பக்கம் பிழைக்கப் போனார். மறுவருஷம் அக்கம்மாளின் மகள் மலையம்மாளைப் பண்ணைப்புரத்தில் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அக்கம்மாள் வீட்டை விற்றுவிட்டுத் தேனிக்குப் போனாள். வண்டி ஏறுமுன் என் கையைப் பிடித்து, “நீ அப்பவே சொன்ன ராக்கு. நாந்தேன் கேக்கல” என்றாள்.

அவளை அங்கேயே மன்னித்துவிட்டேன், ஐயா.