மாயாண்டி கை கழுவிய வாளி

சிவப்புச் சாயம் இந்த ஊர் மழைக்கு நிற்பதில்லை, ஐயா. எத்தனை தடவை பூசினாலும் வெளுத்துப்போகும். ஆனாலும் நான் பூசிக்கொண்டேதான் இருந்தேன். எங்கள் புகைவீட்டுச் சுவரில் வரிசையாகத் தொங்குகிற தீ வாளிகளில் வெளுத்தது ஒன்று காட்டுங்கள் பார்ப்போம்.

என் பெயர் சின்னையா. சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் புகைவீட்டுக் காவல். ரப்பர்ப் பாலை உறையவைத்து, தகடாக உருட்டி, அந்த வீட்டுக்குள் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை போடுவார்கள். ஒரு தகடு நழுவி நெருப்பில் விழுந்தால் போதும். அதற்குத்தான் வாளி.

ரப்பர் விலை விழுந்து மறுபடி ஏறியதும் துரை கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்தார். ஈப்போவிலிருந்து மோட்டாரில் ஒரு வெள்ளைக்காரர் வந்து வாளிகளைப் பார்ப்பார். விளிம்புவரை தண்ணீர் இருக்க வேண்டும். சுகாதார இலாகாக்காரர் தனியாக வருவார். தேங்கின தண்ணீரில் கொசுப்புழு இருந்தால் அவருக்கு ஆகாது. மேலே ஒரு கரண்டி கொசு எண்ணெய் விடச் சொன்னார். பாதி மண்ணெண்ணெய் அது. இரண்டு பேர் சட்டத்தையும் நான் மதித்தேன். இந்தத் தோட்டத்தில் வேறு எவன் மதித்தான்?

மாயாண்டி மதிக்கவில்லை. தகடு உருட்டுகிறவன். வேலை முடிந்ததும் வாசலோர வாளிக்குள் முழங்கைவரை விட்டுக் கை கழுவுவான். நாலு எட்டு வைத்தால் கிணறு. சோம்பேறிப் பயல். எண்ணெய்ப் படலத்தை ஊதி ஒதுக்கிவிட்டுக் கழுவுவான். எத்தனை தரம் சொல்வது?

"தண்ணிதானண்ணே, என்னமோ தங்கத்தை அள்ளுன மாதிரி கத்துறியே லா" என்பான்.

அவன் பெண்டாட்டி ராக்காயி உள்ளே தகடு திருப்புகிறவள். அவனைத் திட்டிவிட்டு, கிணற்றில் மொண்டு வந்து அந்த வாளியை அவளே நிரப்புவாள். நல்ல பெண். அதை நான் மறைக்கவில்லை.

போன மாதம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அந்தச் சமயம் பார்த்து இன்சூரன்ஸ்காரர் வந்து நின்றார். வாளி பாதிதான் இருந்தது, அதிலும் ரப்பர்ப் பிசிறு மிதந்தது. மறுநாள் காலைப் பெரட்டில், ஆண் பெண் அத்தனை பேரும் பெயர் கொடுக்க நிற்கிற இடத்தில், சின்னத் துரை அந்த வாளியைக் கொண்டுவரச் சொல்லி என் தலையில் கவிழ்த்தார். அப்போது மாயாண்டி சொன்னான்:

"நல்லதாப் போச்சு. அண்ணன் குளிச்சு நாளாச்சு லா."

களமே சிரித்தது. எவன் அழுக்கு, எவன் தலையில் வழிகிறது! ராக்காயி ஒருத்தி சிரிக்கவில்லை. எழுந்து வந்திருந்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, "தொடைச்சுக்குங்கண்ணே" என்று நீட்டினாள். எனக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

அன்றைக்கே வாசலோர வாளியைக் காலி செய்து முழுக்க எண்ணெய் ஊற்றிவைத்தேன். கை நாறட்டும், சோறு அள்ளும்போது குமட்டட்டும் என்றுதான். தோட்டம் முழுக்க அந்த வாடை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாயாண்டி கிணற்றுக்குப் போக ஆரம்பித்துவிட்டான். ராக்காயி சொல்லியிருப்பாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை நாள் சொல்லிக் கேட்காதவன், நான் காத்திருக்கும்போது பார்த்து ஒழுங்காகிவிட்டான்.

எண்ணெயை நான் மாற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தகடு விழுந்தது. சின்ன நெருப்புதான். வாசலுக்கும் ராக்காயிக்கும் நடுவில் எரிந்தது. "தண்ணி கொண்டாங்க" என்று கூப்பிட்டாள். பதறக்கூட இல்லை. இரண்டு வாளி ஊற்றியிருந்தால் தாண்டி வந்திருப்பாள். மாயாண்டி ஓடி வந்தான். நான் வாசலில்தான் நின்றேன்.

அவன் தெரியாமல் அந்த வாளியை எடுத்துவிட்டான் என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் அங்கே இல்லை. இப்போது பத்துகாஜா ஆஸ்பத்திரியில் கை வெந்து கிடக்கிற மாயாண்டியும், "என் கையாலேயே கொன்னுட்டேனே" என்று அழுகிறானாம். அதைக் கேட்டுத்தான் நான் நடந்தே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். வாளிகளுக்குப் பொறுப்பு நானா, அவனா?

அவன் கை முதலில் போனது இரண்டாவது வாளிக்கு. அதில் நல்ல தண்ணீர். நான்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அது ஒன்னோடது இல்ல. ஒன்னோடத எடு" என்றேன்.

எடுத்தான். மூத்தவன் சொன்னால் கேட்கிறவனாக மாறியிருந்தான். வீசினான். அதற்குப் பிறகு ராக்காயி கூப்பிட்டது வேறு குரலில்.

புகைவீட்டில் சுவர்தான் மிச்சம். ஆனால் வரும்முன் அந்த வாளியைத் தேய்த்து, சாயம் பூசி, தண்ணீர் ரொப்பி மாட்டிவிட்டுத்தான் வந்தேன். மேலே ஒரு கரண்டி எண்ணெய், அதற்கு மேல் இல்லை. நான் திரும்பிப் போகும்வரை எவனும் அதில் கை கழுவாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஐயா.