பன்னிரண்டாவது பார்வைப்புள்ளி

நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் அந்த ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கண்ணில் விழும். இருபத்திரண்டு வருடங்களாக இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த மாதம் எந்த மணிக்கு வெயில் எங்கே விழும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பிரிவின் வேலை எளிமையானது. பழைய தெரு பழைய தெருவாகவே இருக்க வேண்டும். மொத்தம் நாற்பத்தோரு வீடுகள். முகப்பில் சுண்ணாம்புக்கல், மேலே சரிவான ஓட்டுக்கூரை. ஒருவர் ஜன்னலுக்கு அலுமினியச் சட்டம் போட வேண்டும் என்பார். இன்னொருவர் சுவருக்கு ரோஜா நிறம் அடிக்க வேண்டும் என்பார். நான் வேண்டாம் என்பேன். அவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே போவார்கள். தெரு அப்படியே இருக்கும்.

சோலார் தகடுகள் வந்த பிறகு விதி சற்றுத் தளர்ந்தது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது என்றால் கூரையில் வைத்துக்கொள்ளலாம். தெரியாது என்று யார் சொல்வது? அதற்காகத் தெருவைச் சுற்றிப் பதினோரு இடங்களில் தரையில் பித்தளை வில்லை பதித்தோம். அவற்றுக்குப் பார்வைப்புள்ளி என்று பெயர். ஒவ்வொன்றிலும் நின்று பார்க்க வேண்டும். நெட்டையானவர் ஒன்று சொல்வார், குட்டையானவர் ஒன்று சொல்வார். அந்தத் தகராறு வேண்டாம் என்று ஐந்தேகால் அடிக்கு ஒரு குச்சி செய்தேன். சராசரி மனிதனின் கண் உயரம். குச்சியின் முனைக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். அதற்கு மேலே ஏறிப் பார்த்துத் தெரிவது கணக்கில் வராது. விதியை எழுதியவன் நான்தான். அவசரப்படாமல் பார்த்தால் பதினோரு புள்ளிகளையும் முடிக்க நாற்பது நிமிடம் ஆகும்.

தெருவில் என்னைக் குச்சி சார் என்பார்கள். பெயர் வைத்தது கல் கொத்தனார்.

அவரைப் பற்றித்தானே கேட்க வந்திருக்கிறீர்கள்.

அந்த நாற்பத்தோரு முகப்புகளையும் பழுதுபார்த்தவர் அவர். ஒன்பது வருட வேலை. பொரிந்துபோன கல்லைப் பெயர்த்துவிட்டு, புதுக்கல்லை அதே அளவில் அறுத்துப் பதிக்க வேண்டும். மற்ற ஊர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுப்பார்கள். தூசி அடங்கிவிடும். எங்கள் கல்லில் தண்ணீர் பட்டால் மஞ்சள் பூக்கும். அதனால் உலர்வாகவே அறுக்கச் சொன்னேன். அவர் வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அறுத்தார். மாலையில் சாரத்திலிருந்து இறங்கும்போது தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும்.

"காலைல மாப்பிள்ளையா வந்தேன், சார். சாயங்காலம் தாத்தாவா போறேன். வீட்ல எவ கதவத் தொறப்பா?" என்பார்.

எல்லோரும் சிரிப்போம். நல்ல வேலைக்காரர். நாற்பத்தோரு முகப்பிலும் ஒரு கறை கிடையாது. நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

வேலை முடிந்த இரண்டாம் வருடம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலில் கல் தூசி உறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னாராம். பிறகு மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். இரவு பகல் எந்நேரமும் அது ஓட வேண்டும். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தால் அன்றைய பொழுதுக்கு அவருக்கு அதுவே போதும். ஐந்து வருடம் அப்படி இருந்தார்.

அவர் குடியிருந்தது தெருவின் பதினேழாம் எண் வீட்டில், பின்கட்டில். என் வீடு அடுத்த தெருவில். இரண்டு பின்பக்கங்களுக்கும் நடுவே ஓர் ஆள் போகிற சந்து மட்டும். அவர் இருமுவது எங்கள் வீட்டுக்குள் கேட்கும். முதல் இருமல் ஒன்று, பிறகு ஓர் இடைவெளி, பிறகு விடாமல். இடைவெளியில் நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

"அந்த மனுஷன் இருமினா எனக்குச் சாப்பாடு தொண்டையில எறங்க மாட்டேங்குது. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று என் மனைவி சொல்வாள். வேலை இருந்தது. போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தெருவின் குறுக்கே தொங்கிய மின்கம்பிகளை மண்ணுக்குள் புதைக்கத் தொடங்கினோம். கம்பிகள் தெருவின் முகத்தைக் கெடுத்தன. அதுவும் என் யோசனைதான். புதைக்கிற நாட்களில் மின்சாரம் நிற்கும். கொத்தனாரின் மனைவி ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தார். பின்கூரையில் சோலார் தகடு வைத்து, ஒரு பேட்டரியும் மாட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று.

விதிப்படி நடந்தேன். குச்சியை எடுத்துக்கொண்டு பதினோரு புள்ளிகளிலும் நின்றேன். கடைசிப் புள்ளி சந்தின் வாயில், அவர்கள் ஜன்னல் தெரிகிற இடத்தில். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன குச்சி சார், என் மூச்சு தெரியுதா?"

"தெரியலை."

"அப்ப இழுத்துக்கறேன்."

கையெழுத்துப் போட்டேன். நான்கு தகடுகள் மாட்டினார்கள். வெளிச்சுவரில், சந்துப் பக்கம், ஒரு கைப்பிடி சுவிட்ச். கூரையிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் வீட்டுக்குள் போகிற மின்சாரம் முழுவதும் அந்த ஒரு கைப்பிடி வழியாகத்தான் போகும். தீ விபத்து நடந்தால் வெளியிலிருந்தே நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று அதை அங்கே வைக்கச் சொன்னது எங்கள் பிரிவு.

நான்கு மாதம் கழித்துத் தகடுகளை அகற்றச் சொல்லி அறிவிப்பு அனுப்பினேன். பன்னிரண்டாவது பார்வைப்புள்ளியிலிருந்து தெரிகின்றன என்று எழுதினேன்.

அந்த அம்மா மறுநாளே வந்துவிட்டார். தையல் வேலை செய்கிறவர். புடவைத் தலைப்பில் குண்டூசிகள் குத்தியிருந்தன. அதைக்கூட எடுக்காமல் வந்திருந்தார்.

"பன்னெண்டாவது எங்க சார் இருக்கு? பதினொண்ணுதானே? தெருவுல பித்தளைய எண்ணிட்டுத்தான் வரேன்."

"புதுசா சேர்த்திருக்கோம்மா."

"எங்கன்னு காட்டுங்க சார். அங்கிருந்து தெரியாத மாதிரி ஒரு தட்டியாவது கட்டி மறைச்சிடறேன்."

"அதெல்லாம் கமிட்டிதான் முடிவு பண்ணும். எழுதிக் கொடுங்க."

"சார், அவர் அறுத்த கல்லுக்கு நடுவுலதான் சார் நீங்க நிக்கிறீங்க."

விண்ணப்பத்தாளை எடுத்துக் கொடுத்தேன்.

எழுதினார். எத்தனையோ மேல்முறையீடுகள் படித்திருக்கிறேன். அழுகை இருக்கும், வசவு இருக்கும், கடவுள் இருப்பார். அவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட ஒன்றை நான் பார்த்ததில்லை. தைக்கிறவர் அல்லவா, அளவெடுத்து எழுதியிருந்தார். "வியாழக்கிழமைகளில் காலை பத்தரை மணிக்கு நான் மருத்துவமனைக்குப் போகிறேன். அவசரத்துக்கு வைத்திருக்கும் ஒரே ஆக்சிஜன் சிலிண்டரை அங்கே மாற்றிக்கொண்டு பன்னிரண்டரைக்குத் திரும்புவேன். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் வேறு ஆள் கிடையாது. அப்போது மின்சாரமும் நின்றுவிட்டால் என் கணவருக்கு இந்தத் தகடுகளைத் தவிர வேறு துணை இல்லை. மெஷின் நின்றால் அவர் கால் மணி நேரம் தாங்குவார் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்."

கமிட்டி அடுத்த மாதம் கூடுவதாக இருந்தது. அந்தக் கடிதத்தைப் படித்தால் யாருமே இரங்குவார்கள். தகடுகள் அங்கேயே இருந்துவிடும். அதை நான் யோசித்துப் பார்த்தேன்.

பதினேழாம் எண் வீட்டுப் பக்கம் கம்பி புதைக்கிற வேலை செவ்வாய்க்கிழமைக்குக் குறித்திருந்தது. தேதி கொடுப்பது எங்கள் பிரிவு. அதை வியாழக்கிழமைக்கு மாற்றினேன். காலை பத்து முதல் மாலை நான்கு வரை. கம்பத்தில் அறிவிப்பும் ஒட்டச் சொன்னேன். முறை தவறவில்லை.

அன்று வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. பத்தரைக்கு அந்த அம்மா சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். முனையில் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். பதினொன்று கடந்ததும் சந்துக்குள் போய்க் கைப்பிடியைத் திருப்பினேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. சுவிட்சை நிறுத்தி முத்திரை வைக்க எனக்கு அதிகாரம் உண்டு. முத்திரையும் பையில் இருந்தது. வைத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். வைக்கவில்லை.

உள்ளே மெஷின் ஒரு விசில் அடித்தது. மின்சாரம் போனால் அப்படி அடிக்கும் போலிருக்கிறது. எனக்கு அது தெரியாது. குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அதன் முனை ஜன்னலில் தெரிந்திருக்க வேண்டும்.

"யாரு, குச்சி சாரா?" என்றார்.

"ஆமா."

"நல்லவேளை வந்தீங்க. கரண்ட் போயிடுச்சு சார். கூரைலேந்தும் வரல. அந்த சுவிட்ச கொஞ்சம் பாருங்களேன்."

"பாக்கறேன்" என்றேன்.

பிறகு குச்சியை எடுத்துக்கொண்டு புள்ளிகளைப் பார்க்கப் போனேன். ஒன்று முதல் பதினொன்று வரை. ஒவ்வொன்றிலும் நின்றேன். மூன்றாவது புள்ளியில் ஒரு வீட்டுக்காரர் தன் ஜன்னலுக்குச் சாயம் அடிப்பது பற்றிக் கேட்டார். சாம்பல் நிறம் அடிக்கலாம் என்றேன். பதினொன்றாவது புள்ளியில் நிற்கும்போது ஜன்னலில் ஆள் இல்லை. விசிலும் நின்றிருந்தது. சந்துக்குத் திரும்பி வந்து கைப்பிடியைப் பழையபடி திருப்பி வைத்தேன். மெஷின் ஓட ஆரம்பித்தது. நல்ல மெஷின்.

அந்த அம்மா திரும்பி வந்தபோது அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. "மெஷின் ஓடுது அக்கா, மனுஷன்தான் நின்னுட்டார்" என்று என் மனைவியிடம் சொல்லி அழுதார். வியாதி முற்றிவிட்டது என்று மருத்துவர் எழுதினார். யாருக்கும் சந்தேகம் இல்லை. இறுதிச் சடங்குக்கு நானும் போனேன். "அவருக்கு உங்க மேல ரொம்ப மரியாதை" என்று என்னிடமே சொன்னார்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. கையில் போன் இருந்ததாம். யாரையும் கூப்பிடவில்லையாம். "ஒரு பொத்தான அழுத்தினா நான் எடுத்திருப்பேனே, ஏன் கூப்பிடல?" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் யாரையும் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. நான் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

கூரைக்குக் கீழே இருக்கும் சோலார் இன்வெர்ட்டர் பெட்டி, வீட்டுக்குள் போகிற மின்சாரத்தை நிமிடத்துக்கு நிமிடம் குறித்து வைக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நீங்கள் காட்டிய தாளைப் பார்த்தேன். கம்பி வேலை தொடங்கிய பத்து மணியிலிருந்து கோடு சீராகப் போகிறது. நடுவில் பதினொன்று எட்டிலிருந்து பதினொன்று ஐம்பத்தொன்று வரை ஒன்றும் இல்லை. பல் விழுந்த வாய்போல இருக்கிறது. நாற்பத்துமூன்று நிமிடம். மூன்று நிமிடம் அந்த ஜன்னல் சாயக்காரருக்குப் போயிருக்கும்.

நான் யாரையும் தொடவில்லை. ஆனால் செய்தது நான்தான். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் தவறாக எழுதிவிடாதீர்கள். அவர் மீது எனக்கு எந்தப் பகையும் கிடையாது. அவர் இருமல், அவர் நுரையீரல், கல் அறுத்தது, இதற்கெல்லாம் இதில் சம்பந்தம் இல்லை. இது தெருவைப் பற்றியது. விதியைப் பற்றியது.

நேற்று என் குச்சியை எடுத்துப்போய்ப் பதினோரு புள்ளிகளிலும் நின்றதாகச் சொன்னீர்கள். தகடுகள் இன்னும் கூரையில்தான் இருக்கின்றன, ஆனால் எங்கிருந்தும் தெரியவில்லை என்றீர்கள். சரிதான். தெரியாது. பன்னிரண்டாவது புள்ளி எங்கே என்று கேட்கிறீர்கள். என் மனைவியும் கேட்டாள். அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் சுவரின் உச்சியில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. இருமல் சத்தம் அதன் வழியாகத்தான் வரும். ஒருநாள் காலையில் அதை அட்டை வைத்து அடைத்துவிடலாம் என்று குளிக்கிற முக்காலியைப் போட்டு ஏறினேன். அப்போதுதான் பார்த்தேன். ஓட்டு விளிம்புக்கு மேலே ஒரு தகட்டின் ஓரம், விரற்கடை அகலம், வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

கற்பனை இல்லை. நீங்களே வந்து பார்க்கலாம். முக்காலி மேல் ஏறி, நுனிக்காலில் நின்றால், யாருக்கும் தெரியும்.