வழக்கமான வசனம்

மதிப்புக்குரிய மலர்க் குழுவினருக்கும் வாசகர்களுக்கும், எழுதிப் பழக்கமில்லாத நான் எழுதத் துணிந்தமைக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் பிறர் சொன்னதை மொழிபெயர்த்தே பதினாறு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டேன். சொந்தமாக ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. நூர்ன்பெர்க்கில் இயங்கும் நம் கலை மன்றத்தின் பத்தாவது ஆண்டு மலருக்கு, "பிர்னோ இசைவிழாவுக்குப் போய் வந்ததை ரெண்டு பக்கத்தில எழுதித் தாங்கோ அரியரத்தினம் அண்ணை, உங்களை விட்டா வேற ஆர் இருக்கினம்" என்று மலராசிரியர் சந்திரகாந்தி கேட்டுக்கொண்டார். இரண்டு பக்கத்தைச் சற்றுத் தாண்டிவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

பிர்னோ செக் நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். நூர்ன்பெர்க்கிலிருந்து வான் வண்டியில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஓர் இசைவிழா நடந்துகொண்டிருக்கும். உயிர்த்த ஞாயிறை ஒட்டித் தேவாலயங்களில் பக்தி இசை, இளவேனிலில் ஜாஸ், கோடையில் மலைக்கோட்டை முற்றத்தில் பெரிய வாத்தியக் குழு, இலை உதிரும்போது மறுபடியும் வேறொன்று. ஒரு விழாவின் சுவரொட்டியைக் கிழிக்கும் முன்பே அடுத்ததை அதன் மேல் ஒட்டிவிடுவார்கள். நாங்கள் போய்வந்தது ஆகஸ்ட் மாதத்தில் காய்கறிச் சந்தைச் சதுக்கத்தில் நடக்கும் ஒரு சிறிய விழா. எந்த வகை இசைக்கும் தடையில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் இருபத்தைந்து நிமிடம். கிராமியப் பாட்டுக்குப் பின் ராக், ராக்குக்குப் பின் ஜிப்சி வயலின், அதற்குப் பின் நாங்கள்.

எங்கள் குழுவின் தலைவி பிரிகிற்ற அக்கோர்டியன் வாசிப்பார். துருக்கியர் ஒருவர் சாஸ் என்னும் தந்தி வாத்தியம் வாசிப்பார். கிளாரினெட்டுக்கு ஒரு பள்ளி ஆசிரியர். மிருதங்கத்துக்கு நான். இரண்டாயிரத்து மூன்றிலிருந்து ஏழு வரை ஐந்து கோடைகள் அந்த மேடையில் அமர்ந்தேன். பிரிகிற்ற மேடையில் என்னை அறிமுகப்படுத்தும்போது "இவர் எங்கள் மெட்ரோனோம்" என்பார். தாளம் பிசகாமல் எண்ணிக்கொடுக்கும் கருவி அது. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து எட்டு சனவரியில் ஜேசுரட்ணம் என் வீட்டுக்கு வந்தார். குருநகர்க்காரர், முப்பத்தாறு வயது, ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி கேட்டே வந்தார். நம்மவர்கள் அநேகர் அப்படித்தான் என்னிடம் வருவார்கள். நான் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது மூலையில் இருந்த என் மிருதங்கத்தை மடியில் எடுத்து வைத்து விரல்களால் மெதுவாகத் தட்டினார். ஒத்திகைக்கு என்னை அழைத்துப் போக வந்திருந்த பிரிகிற்ற, மேற்சட்டையைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றார். கடிதத்தை நான் இரண்டாம் முறை வாசிக்க வேண்டியதாயிற்று.

மாசி மாதத்துக்குள் குழுவில் என் இடத்தில் அவர் அமர்ந்துவிட்டார். என்னைக் குழுவின் மொழிபெயர்ப்பாளராகவும் பயண ஒழுங்குகளைக் கவனிப்பவராகவும் இருக்கும்படி பிரிகிற்ற கேட்டுக்கொண்டார். மிக்க மகிழ்ச்சி என்று பதில் சொன்னேன். ஜேசுரட்ணத்திடம் மிருதங்கம் இல்லாததால் என்னுடையதையே கொடுத்தேன்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை," என்றார் அவர் ஒருநாள், மிருதங்கத்தின் இடந்தலைக்கு ரவை குழைத்துப் பூசிக்கொண்டே. "உங்கட இடத்தில குந்தியிருக்க எனக்குக் கூச்சமாக் கிடக்கு."

"அதெல்லாம் ஒண்டுமில்லைத் தம்பி."

"பிரிகிற்ற மணிக்கூட்டைக் கழட்டி வைச்சிட்டு மழையைக் கூப்பிட்டிருக்கிறா. மழை எப்ப விடும் எண்டு ஆருக்குத் தெரியும்? பிறகும் மணிக்கூடுதான் வேணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அவருடைய நிலையை இங்கே தெளிவாகச் சொல்வது என் கடமை. அவரிடம் இருந்தது 'டுல்டுங்' மட்டுமே. அது வதிவிட அனுமதி அன்று. திருப்பி அனுப்புவதைச் சில மாதங்களுக்குத் தள்ளிவைக்கிறோம் என்று சொல்லும் ஒரு தாள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போய்ப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்டு அவருக்கு ஒரு வழி திறந்திருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தக்சாயினியை அவர் மணம் முடிக்க இருந்தார். தக்சாயினிக்கு நிரந்தர விசா உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பிறப்புச் சான்றிதழ் வந்து சேர இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து முத்திரை வைத்துக் கொடுத்ததும் நானே. நகரப் பதிவகத்தில் திருமணத்துக்கு டெர்மின், அதாவது நாளும் நேரமும், கிடைத்தது: செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை, காலை பத்தேகால். அதுவரை அவர் செய்யவேண்டியது ஒன்றே. ஜெர்மனியில் இருக்க வேண்டும்.

ஆடி மாதத்தில் டுல்டுங்கைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, இப்ப செக்குக்குப் போற வழியில செக்கிங் இல்லையாமே. போன மார்கழியோட எல்லாத்தையும் எடுத்திட்டாங்களாம். எண்டாலும் தக்சா ஒருக்கா உங்களிட்டக் காட்டச் சொன்னவள். இதில படத்துக்குக் கீழ என்ன கிடக்கு?"

வாங்கிப் பார்த்தேன். படத்துக்குக் கீழே, இத்தாள் உடையவர் நாட்டைவிட்டு வெளியேறிய கணமே இது செல்லாததாகும் என்று அச்சடித்திருந்தது.

"எல்லாத் தாளிலும் இருக்கிற வழக்கமான வசனம்தான்," என்றேன்.

அதில் பொய் இல்லை. அந்த வசனம் எல்லா டுல்டுங்கிலும் இருக்கிறது.

"அப்ப நான் போயிட்டு வரலாமோ?"

"ஓம்," என்றேன்.

இந்தச் சொல்லைப் பற்றிச் சில வரிகள் எழுத அனுமதிக்க வேண்டும். நம் பேச்சில் ஓம் என்றால் ஆம். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ஓம் என்றே சொல்கிறோம். தொலைபேசியில் ஒருவர் தன் துன்பத்தைச் சொல்லும்போது இருபது முறை ஓம் போடுகிறோம். இருபதுக்கும் உடன்பட்டுவிட்டோம் என்பதன்று. ஒரு வழக்கில் சாட்சியின் ஓமை உடன்பாடு என்று எடுத்துக்கொள்ளலாகாது என நீதிபதிக்கு நான் விளக்கியிருக்கிறேன். அவர் நன்றி கூறிக் குறித்துக்கொண்டார். அன்று நான் சொன்ன ஓம் எந்த வகையானது என்று ஜேசுரட்ணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை பிர்னோவில் வாசித்தோம். வாசித்தார்கள் என்று திருத்திக்கொள்கிறேன். நான் மேடையின் ஓரத்தில் நால்வருடைய மேற்சட்டைகளையும் வைத்துக்கொண்டு நின்றேன். ஜேசுரட்ணம் தொடங்கிய சிறிது நேரத்தில், கடந்துபோய்க்கொண்டிருந்த பெண்கள் காய்கறிப் பைகளைக் கற்கள் மீது இறக்கி வைத்தார்கள். பிரிகிற்ற ஓர் இடத்தில் எண்ணிக்கை தவறி, மேடையிலேயே வாய்விட்டுச் சிரித்து, மறுபடி சேர்ந்துகொண்டார். ஐந்து ஆண்டுகளில் அவர் ஒருபோதும் தவறியதில்லை, நான் தவறவிட்டதில்லை. இருபத்தைந்து நிமிடம் முடிந்தும் சனம் அவர்களை இறங்க விடவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று செக் மொழியில் கேட்டார்கள். அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மாலையில் தக்சாயினி எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவருக்கு வேலை இருந்ததால் வர இயலவில்லை.

"அண்ணை, அவர் நல்லா வாசிச்சவரோ?"

"நல்லா வாசிச்சவர்."

"அவரிட்டக் கேட்டா எல்லாத்துக்கும் சிரிப்புத்தான். நீங்கள் சொல்லுங்கோ, பேப்பரால பிரச்சினை ஒண்டும் வராதுதானே?"

"ஓம்," என்றேன்.

மறுநாள் நண்பகலில் திரும்பினோம். எல்லைக்கு முன்னால், செக் பக்கத்து எரிபொருள் நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நான் கழிப்பறைப் பக்கம் போய்ச் சற்றுத் தாமதித்து வந்தேன். ஜேசுரட்ணம் எனக்கும் கோப்பி வாங்கிக்கொண்டு வந்து நின்றார், இரண்டு சீனிப் பொட்டலங்களுடன். எனக்கு இரண்டு வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

எல்லையில் யாருமில்லை. பழைய சாவடிகளின் கண்ணாடிகளில் தூசு படிந்திருந்தது. ஜேசுரட்ணம் யன்னல் வழியாக அவற்றுக்குக் கைகாட்டினார். பத்து நிமிடம் கழிந்திருக்கும். ஒரு கார் எங்களை முந்திச்சென்று, பின்தொடரவும் என்று கூரையில் எழுத்து மின்ன, எங்களைத் தரிப்பிடத்துக்கு அழைத்துப் போனது. ஜேசுரட்ணத்தின் கைவிரல்கள் மிருதங்கத்தின் உறைமீது அசையாமல் இருந்ததைக் கண்டேன்.

இரண்டு காவலர்கள், ஒருவர் பெண். முதலில் ரவைப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார்கள். பிறகு தாள்களைக் கேட்டார்கள். ஜேசுரட்ணத்தின் முகத்தைப் பார்த்துப் பிரிகிற்ற புரிந்துகொண்டிருக்க வேண்டும். யாரும் கேட்கும் முன்னரே, "வைடனில் என் தோழி வீட்டிலிருந்து வருகிறோம்," என்று ஜெர்மனில் சொன்னார். வைடன் எல்லைக்கு ஜெர்மன் பக்கம் இருக்கும் ஊர். கிளாரினெட் ஆசிரியரும் தலையசைத்தார். பெண் காவலர் டுல்டுங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவருக்கு மொழிபெயர்க்க யாரேனும் உண்டா என்று கேட்டார். நான் கையை உயர்த்தி, நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்ற என் அட்டையைக் காட்டினேன்.

"நேற்று எங்கே இருந்தார் என்று கேளுங்கள்," என்றார்.

கேட்டேன். ஜேசுரட்ணம் என்னைப் பார்த்து, மெல்லிய குரலில், "அண்ணை, பிரிகிற்ற சொன்னதையே சொல்லிவிடுங்கோ," என்றார்.

அந்த வாக்கியத்தை, 'அண்ணை' முதல் 'சொல்லிவிடுங்கோ' வரை, நான் அப்படியே ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. என் தொழிலின் சத்தியம் அதுதான்.

பெண் காவலர் டுல்டுங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பிறகு ஜேசுரட்ணத்தை இறங்கச் சொன்னார். அவர் இறங்கும்போது மிருதங்கத்தைத் தூக்கி என் மடியில் வைத்தார். "பத்திரம் அண்ணை," என்றார். என்ன நடந்தது என்று அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான்.

அவரைத் தடுப்பு நிலையத்தில் வைத்தார்கள். தக்சாயினி வழக்கறிஞர் வைத்தார். செல்லாத தாளைக் கொண்டு எதையும் வாதாட முடியவில்லை. செப்டம்பர் பதினோராம் தேதி கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள். அங்கிருந்து தக்சாயினியுடன் இரண்டு முறை பேசினார். மூன்றாம் வாரத்தில், அவர் தங்கியிருந்த அறைக்கு, யாரென்று சொல்லாத சிலர் வந்து அழைத்துப் போனார்கள். அதன் பிறகு இன்றுவரை தகவல் இல்லை. செப்டம்பர் பதினெட்டாம் தேதி தக்சாயினி பதிவகத்துக்குப் போனார். டெர்மினை ரத்துச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. பத்தேகாலுக்கு அலுவலர் வெளியே வந்து இரண்டு பெயர்களையும் வாசித்தாராம். ஒருவர் எழுந்தாராம்.

அன்று வானை மறித்தது தற்செயல் என்றே பிரிகிற்றவும் தக்சாயினியும் மன்றத்தாரும் இதுவரை நம்புகிறார்கள். அது தற்செயல் அன்று. எரிபொருள் நிலையத்தின் கழிப்பறைக்குப் பின்னால் நின்று நான் ஜெர்மன் காவல்துறைக்குத் தொலைபேசி எடுத்தேன். வானின் இலக்கத்தையும் நேரத்தையும் மட்டும் சொன்னேன். தயவுசெய்து என்றும் நன்றி என்றும் சொன்னேன். அந்தத் தொலைபேசி இலக்கத்தை வெள்ளிக்கிழமையே விழா நிகழ்ச்சிநிரலின் பின்புறத்தில் எழுதி வைத்திருந்தேன். கொழும்பில் அந்நாட்களில் திரும்பிவரும் தமிழர்களுக்கு என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். அதைப் பற்றிய சாட்சியங்களை அகதி வழக்குகளுக்காக ஜெர்மனில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

எந்தச் சட்டத்தையும் நான் மீறவில்லை, விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், ஒரு குழுவில் ஒருவராவது எண்ணிக்கை தவறாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் பிரிகிற்ற என்னை மறுபடியும் வாசிக்க அழைத்தார். மகிழ்ச்சியுடன் போனேன். நான்காவது ஒத்திகையில் அவர் அக்கோர்டியனை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டு, இனி வேண்டாம் என்றார்.

விழா அனுபவத்தை எழுதச் சொன்னார்கள், முழுமையாக எழுதிவிட்டேன். இழந்தவற்றையும் குறிப்பிடுவது முறை.

ஜேசுரட்ணம், வயது முப்பத்தாறு. பதிவகத்தில் ஒரு டெர்மின். தக்சாயினி, முதியோர் இல்லத்தில் இன்னும் வேலை செய்கிறார். என்னைத் தெருவில் கண்டால் அண்ணை என்றுதான் அழைக்கிறார், ஆகவே அவரைப் பாதி என்று கொள்ளலாம். நால்வர் கொண்ட ஓர் இசைக்குழு. காய்கறிச் சதுக்கத்தில் ஆண்டுக்கு இருபத்தைந்து நிமிடம். ஒரு மிருதங்கம், அது என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, இடந்தலையில் அவர் பூசிய ரவை காய்ந்து உதிர்ந்துவிட்டது. நான் இழந்தது ஒரு சொல். இப்போதெல்லாம் யாராவது ஏதாவது கேட்டால் ஓம் என்று எனக்கு வாயில் வருவதில்லை, ஆம் என்றே சொல்கிறேன். அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.