கூடவே தேடுறவ

இல்ல டீச்சர், கோவிச்சுக்கிட்டெல்லாம் வெளிய வரல. கிளாஸ்ல அவங்க சிரிச்சதுல என்ன தப்பு? சிரிக்கட்டும்னுதானே அந்த வாக்கியத்தையே சொன்னேன். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை ஹை அண்ட் லோ தேடினார், கண்ணாடி அவர் மூக்கு மேலயே இருந்துச்சுன்னா யாருக்குத்தான் சிரிப்பு வராது? நம்ம கிளாஸ்ல படிக்கிற அந்தப் பேக்கரிக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாரே, பாவம், அவருக்கு இன்னைக்குத்தான் பாடமே புரிஞ்சிருக்கு.

தண்ணி குடிக்கலாம்னு வந்தேன், அவ்வளவுதான். நீங்க உள்ள போங்க, மத்தவங்க காத்திருப்பாங்க. ஓ, எல்லாரும் கிளம்பிட்டாங்களா? அப்ப இப்படி உக்காருங்க. படி சுத்தமாத்தான் இருக்கு.

ஆமா, இண்டு இடுக்கு விடாம தேடுறதுக்கு இங்கிலீஷ்ல ஹை அண்ட் லோன்னு சொல்லிக்கொடுத்து, அதை வெச்சு மூணு வாக்கியம் கேட்டீங்க. நான் ரெண்டோட நின்னுட்டேன். அந்த ரெண்டாவதுக்கு நீங்களே முழிச்சீங்க, பாத்தேன். உடைஞ்ச ஊசி முனைக்கு எதுக்கும்மா மூலை முடுக்கெல்லாம் தேடணும், வேற ஊசி போட்டா ஆச்சுன்னு நினைச்சிருப்பீங்க. அது அப்படி இல்லீங்க. நானும் அவரும் ஒரே ஃபேக்டரி. கைக்குழந்தைங்களுக்குச் சட்டை தைக்கிற ஃபேக்டரி. நான் தையல் லைன்ல கடைசி மெஷின், அவர் மெஷின் மெக்கானிக். அங்க ஒரு ஊசி உடைஞ்சா, உடைஞ்ச துண்டு அத்தனையும் கிடைக்கணும். ஒண்ணுவிடாம டேப்ல ஒட்டி, முழு ஊசியாக் காட்டினாத்தான் புது ஊசி தருவாங்க. அதுவரைக்கும் மெஷின் ஓடக்கூடாது. பின்ன, அந்த முனை ஏதோ ஒரு சட்டைக்குள்ள மாட்டிக்கிட்டா? பச்சைக் குழந்தை உடம்பு டீச்சர்.

நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஊசியா உடைப்பேன். கை அவ்வளவு அவசரம். ஒருநாள் முனை கிடைக்கவே இல்ல. சூப்பர்வைசர் கத்துறார், லைன் நிக்குது, எனக்கு அழுகை. மெக்கானிக்கான இவர் டார்ச்சையும் காந்தத்தையும் எடுத்துக்கிட்டு என் மெஷினுக்கு அடியில படுத்துட்டார். நான் காலை ஸ்டூல் மேல தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். விடுய்யா, சாயங்காலம் பாத்துக்கலாம்னு யாரோ சொன்னாங்க. கிடைக்காம எந்திரிக்க மாட்டேன்னுட்டார். கடைசியில எங்க இருந்துச்சு தெரியுமா? என் சட்டைக் கை மடிப்புல. இந்தா, ஊரெல்லாம் தேட வெச்சுட்டு நீயே வெச்சிருக்கன்னார். அப்படித்தான் ஆரம்பிச்சுது எங்க கதை. சிரிக்காதீங்க.

இப்பவும் தேடுறார் டீச்சர். அதான் சொல்ல வந்தேன். மறதி. மூளை சுருங்கிக்கிட்டே வருதாம், டாக்டர் படம் காட்டினார். வெளிச்சம் குறைய ஆரம்பிச்சா டார்ச்சை எடுத்துடுவார். கட்டிலுக்கு அடியில, திரைக்குப் பின்னால, பீரோ மேல, துணி துவைக்கிற மெஷினைத் திறந்து உள்ள தலையை விட்டு. காந்தம் இன்னும் பாக்கெட்லதான் இருக்கு. போன மாசம் நான் கண்ணசந்த நேரத்துல ரோட்டுக்கே போயிட்டார். ஒரு லாரிக்காரர் நல்லா ஏசிட்டு, அவரே கையைப் பிடிச்சு வீட்டுல கொண்டுவந்து விட்டார். கடவுள் அனுப்பின ஆளு.

அதுக்கப்புறம்தான் பையன் இப்படி மறதி வந்தவங்களைப் பாத்துக்கிற ஒரு காப்பகத்தைப் பாத்தான். வர்ற திங்கக்கிழமை கொண்டுபோய் விடணும். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். என் முழங்காலுக்கு அவர் பின்னாடி ஓட முடியுமா? பொண்ணு போன்ல ஒரே அழுகை. நல்ல இடம்தான். பாக்கப் போனப்ப ஒரு நர்ஸ் பொண்ணு அவருக்குத் தலை வாரி விட்டுச்சு. ஆனா அந்தப் பொண்ணுக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியாது, இங்கிலீஷ்தான். அதுக்காகத்தான் இந்த வயசுல உங்க கிளாஸ்ல வந்து உக்காந்திருக்கேன். பையன் எல்லாத்தையும் நான் சொல்லிட்டேம்மாங்கறான். என்ன சொல்லியிருப்பான்? மாத்திரை சொல்லியிருப்பான், சர்க்கரை சொல்லியிருப்பான். தேடுறதை எப்படிச் சொல்வான்? சாயங்காலம் அவன் வீட்டுல இருந்தாத்தானே.

இல்லைங்க, அதெல்லாம் இங்க இல்லைங்கன்னு சொன்னா அவருக்கு வெறி வந்துடும். துண்டு கிடைக்கிறதுக்கு முன்னாடியே யாரோ மெஷினை ஓட்டிட்ட மாதிரி கத்துவார். யாராவது கூடக் குனிஞ்சு தேடினாப் போதும். கொஞ்ச நேரத்துல அடங்கி உக்காந்துடுவார்.

எதைத் தேடுறாரா?

என்னைத்தான் டீச்சர். அதான் மூணாவது வாக்கியம்.

முதல்லெல்லாம் முன்னாடி போய் நின்னு, இதோ இருக்கேனே, என்னைப் பாருங்கன்னு சொல்வேன். கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து என் முகத்துக்குப் பக்கத்துல பிடிச்சேன். போட்டோவைப் பாத்தார், என்னைப் பாத்தார். இல்லைங்கம்மா, அவ சின்னப் பொண்ணு, கடைசி மெஷின்ல இருப்பா, நீங்க பாத்தீங்களான்னு கேட்டார். நாப்பது வருஷமா ஏய், இந்தாடின்னு கூப்பிட்ட வாய். சண்டை போட்டாக்கூட நீங்கன்னு சொன்னதில்ல. அந்த ஒரு மரியாதையிலதான் எனக்கு உடைஞ்சுபோச்சு.

அப்புறம் நான் சொல்றதை விட்டுட்டேன். டார்ச்சை வாங்கி, வாங்க, சேந்து தேடலாம்னு கிளம்பிடுவேன். நான் கட்டிலுக்கு அடியில வெளிச்சம் அடிப்பேன், அவர் பீரோ மேல பாப்பார். தேடிக்கிட்டே பேசுவார். நல்ல பொண்ணுங்கம்மா அவ, கை மட்டும்தான் அவசரம், அவ இருந்தாத்தான் லைன் லைனா இருக்கும்பார். என் முகத்துக்கு நேரா ஒருநாள் சொன்னதில்ல இதெல்லாம். நேத்து ரொம்பக் களைச்சுப்போய், எங்கயும் இல்லைங்களே, உங்களுக்கும் சிரமம்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். ராத்திரி கும்பிடுறப்ப, கடவுளே, அவர் தேடுறது அவருக்குக் கிடைச்சுடட்டும்னுதான் வேண்டிக்கிறேன். அதுக்கு நான் எங்க போய் நிக்கணும்னுதான் தெரியல.

சரி, அதை விடுங்க. எனக்கு ரெண்டே வரி வேணும் டீச்சர், அந்த நர்ஸ் பொண்ணுக்கு. இவர் தன் மனைவியை ஹை அண்ட் லோ தேடுவார்ங்கற வரைக்கும் நானே சொல்லிடுவேன். அது வந்துடுச்சு. அதுக்கப்புறம், இல்லைன்னு மட்டும் சொல்லிடாதம்மா, கூடக் குனிஞ்சு நீயும் தேடுன்னு சொல்லணும். அதை எப்படிச் சொல்றது?

மெதுவாச் சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன்.